கான்டாக்டர், ரிலே வாங்கக் கடைக்குப் போகும் முன்

ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ மில்லில் குச்சிக்கிழங்கு அரைக்கிற மோட்டார், ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. மெயினை இறக்கித்தான் நிறுத்தினார்கள். மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கிற சுவிட்சான கான்டாக்டரைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. மேல்மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே மின்சாரத்தைச் சேர்க்கும் உலோக முனைகளான மூன்று காண்டாக்டில் இரண்டு வெல்டிங் வைத்தது போல ஒட்டிக்கிடந்தன, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியும் பிரியவில்லை. நல்ல கம்பெனிப் பொருள்தான், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மில்காரர் கேட்டார்: "என்ன தம்பி, பெட்டியில 25 ஆம்பியர்னு போட்டிருக்கு, மோட்டாரோ 15 ஆம்பியர்தான் எடுக்குது, அப்புறம் எப்படிப் போச்சு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த 25 என்பது ஹீட்டருக்கான கணக்கு. அதே கான்டாக்டரின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இன்னொரு வரி இருந்தது, ஏசி-3 என்று போட்டு 12 ஆம்பியர். மோட்டாருக்குப் பார்க்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். சேலத்தைச் சுற்றி நான் பார்த்த கருகிய பேனல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரியைப் படிக்காததால் வந்தவை, அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

கான்டாக்டருக்கு மின்சாரத்தைச் சுமப்பது பெரிய வேலை இல்லை. சேரும் அந்த நொடியும் பிரியும் அந்த நொடியும்தான் அதற்குச் சோதனை. ஹீட்டர், ஓவன், பாய்லருக்குள் இருக்கும் காயில் மாதிரியான சுமைகள் போட்ட நொடியிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவுதான் எடுக்கும், இந்த வகைக்கு ஏசி-1 என்று பெயர். மூன்று பேஸ் மோட்டார் அப்படி இல்லை. நேரடியாக ஸ்டார்ட் செய்தால் முதல் சில நொடிக்கு முழுச் சுமை ஆம்பியரைப் போல ஆறு மடங்கு இழுக்கும், அதாவது 15 ஆம்பியர் மோட்டார் 90 ஆம்பியர் வரை போய்விட்டுத்தான் இறங்கும். வேகம் பிடித்து ஓடும்போது நிறுத்தினால் 15 ஆம்பியரில்தான் காண்டாக்ட் பிரிகிறது, இதுதான் ஏசி-3. ஆனால் கிழங்கு சிக்கிக்கொண்டது என்று ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்டாப் என்று தட்டித் தட்டி ஓட்டினால், மோட்டார் வேகம் பிடிப்பதற்குள்ளேயே அந்த 90 ஆம்பியரில் காண்டாக்ட் பிரிய வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் உள்ளே பொறி பெரிதாக அடிக்கும். அது ஏசி-4. ஹாய்ஸ்ட், முன்னும் பின்னும் திருப்பி ஓட்டும் மெஷின், அச்சுக்கு நேராக நிறுத்தத் தட்டி ஓட்டும் பிரஸ் எல்லாம் இதில் சேரும். அந்த மில் மோட்டாருக்கு ஏசி-3 கணக்கிலேயே 12 போதாது, அதன் மேல் தினமும் தட்டி ஓட்டுகிற பழக்கம் வேறு. ஒட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆகவே கடைக்குப் போகும் முன் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படியுங்கள். எச்.பி.யை மட்டும் சொல்லி வாங்காதீர்கள், ஆம்பியரையும் எழுதிக்கொள்ளுங்கள். 415 வோல்ட்டில் 3 எச்.பி. மோட்டார் 5 ஆம்பியர் வாக்கில், 5 எச்.பி. ஏழரை வாக்கில், ஏழரை எச்.பி. 11 வாக்கில், 10 எச்.பி. 15 வாக்கில் எடுக்கும், இது தோராயம்தான். நேம் பிளேட் மேல் பெயின்ட் அடித்திருந்தாலோ, மோட்டார் இரண்டு மூன்று தடவை ரீவைண்டிங் ஆகியிருந்தாலோ, வயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் டாங் டெஸ்டர் வைத்து முழுச் சுமையில் மூன்று பேஸிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள், ரீவைண்டிங் ஆன மோட்டார் பழைய பிளேட் சொல்கிற ஆம்பியரிலேயே ஓடும் என்று நம்ப முடியாது. அந்த ஆம்பியருக்கு ஏசி-3 வரிசையில் அடுத்த பெரிய சைஸை எடுங்கள். 15 ஆம்பியர் என்றால் 18. தட்டித் தட்டி ஓட்டும் வேலை என்றால் கம்பெனி கேட்டலாக்கில் ஏசி-4 அட்டவணை தனியாக இருக்கும், அதைப் பார்த்து எடுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு சைஸ் மேலே போக வேண்டி வரும். அந்த மில்லுக்கு 32 ஆம்பியர் ஏசி-3 போட்டோம், கூடவே கிழங்கு சிக்கினால் முதலில் மெயினை அணைத்துக் கையால் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஆபரேட்டருக்கும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்தது காயில் வோல்டேஜ், காயில் என்பது கான்டாக்டருக்குள் காண்டாக்டை இழுத்துச் சேர்க்கும் காந்தச் சுருள். இதைக் கேட்காமல் வாங்கி வந்துவிட்டு மறுபடி கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய, ஏற்காட்டுக்காரர் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏற வேண்டும். பழைய கான்டாக்டரில் ஏ1, ஏ2 என்று இரண்டு முனை இருக்கும், அதன் பக்கத்திலேயே 230 அல்லது 415 அல்லது 24 டிசி என்று போட்டிருக்கும், போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். 415 காயிலுக்கு 230 கொடுத்தால் சரியாக இழுக்காமல் முனகும், 230 காயிலுக்கு 415 கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் புகை வரும். புதிதாகப் பேனல் கட்டுவதாக இருந்தால் என் யோசனை, ஒரு சின்ன கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட்டோ, பவர் சப்ளை போட்டு 24 டிசியோ பட்டன்களுக்குக் கொண்டுபோங்கள். ஈரக் கையோடு ஆள் தொடுகிற பட்டனுக்குள் 415 வோல்ட் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதோடு சேர்த்து, ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை நேரம், பழம் பறித்த அன்றைக்கே தோலை உரிக்கிற பல்பரில் போட வேண்டும், இல்லையென்றால் புளித்துக் கொட்டை கெட்டுவிடும். சாயங்காலம் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் கான்டாக்டர் கடகடவென்று அடித்துக்கொள்கிறது, மோட்டார் உறுமுகிறது, கிளம்பவில்லை. ஏற்கெனவே இரண்டு கான்டாக்டர் மாற்றியாகிவிட்டது. மீட்டரை ஏ1, ஏ2வில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொன்னேன். சும்மா இருக்கும்போது 222 வோல்ட். அழுத்தியதும் 185க்கு விழுந்தது, கான்டாக்டர் விட்டுவிட்டது, விட்டதும் வோல்டேஜ் மேலே ஏறி மறுபடி இழுத்தது, மறுபடி விழுந்தது. குற்றம் கான்டாக்டரில் இல்லை. காயில் அதன் வோல்டேஜில் 85 சதவீதம் இருந்தால்தான் உறுதியாக இழுக்கும் என்பது தரக்கணக்கு, 230க்கு அது 195 வோல்ட் வாக்கில் வருகிறது. மீட்டர் பெட்டியிலிருந்து பல்பர் ஷெட் வரை கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்திருந்தார்கள், ஸ்டார்ட் ஆகிற அந்த ஆறு மடங்கு ஆம்பியர் அந்த மெல்லிய செம்பில் வரும்போதே வோல்டேஜ் கரைந்துவிடுகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கேபிள் மாற்றிய பிறகு அதே கான்டாக்டர் ஒரே தட்டில் இழுத்தது. ஆக, கான்டாக்டர் அடித்துக்கொண்டால் உடனே புதிது வாங்க ஓடாதீர்கள், பட்டனை அழுத்தும் நேரத்தில் காயில் முனையில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். லைனிலேயே வோல்டேஜ் குறைவு, கேபிளை ஒன்றும் செய்ய முடியாது என்றால், எலக்ட்ரானிக் காயில் வைத்த அகன்ற வோல்டேஜ் கான்டாக்டர் கிடைக்கிறது, விலை கூடுதல்தான், இருந்தாலும் அடிக்கடி மாற்றுவதற்கு அது மேல்.

மலையில் இருக்கிறோம், உயரத்துக்குத் தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். கான்டாக்டர், ரிலே, எம்.சி.பி. போன்றவை பொதுவாக 2,000 மீட்டர் வரை அதே ஆம்பியருக்குத் தாங்கும்படிதான் வருகின்றன, கவலை வேண்டாம். மோட்டாருக்குத்தான் 1,000 மீட்டர் கணக்கு, அதற்கு மேல் காற்று மெலிந்து குளிர்ச்சி குறையும், ஆனால் மேலே வெயிலின் சூடும் குறைவு என்பதால் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். மலையில் உண்மையான எதிரி பனிமூட்டம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மோட்டார் அளவுக்கு மேல் ஆம்பியர் இழுத்தால் நிறுத்திவிடுகிற ஓவர்லோட் ரிலேவுக்கு வருவோம். இதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்றுதான், ட்ரிப் ஆகிறது என்றால் டயலைக் கூட்டி வைப்பது. ஏழரை ஆம்பியர் மோட்டாருக்கு டயலை 10க்குத் திருப்பி வைத்த ரிலே, மோட்டார் எரிவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். நேம் பிளேட் ஆம்பியர் என்னவோ அதில் வையுங்கள், வாங்கும்போதும் உங்கள் ஆம்பியர் டயலின் நடுவில் வருகிற மாதிரி ரேஞ்ச் பார்த்து வாங்குங்கள், ஏழரைக்கு 6 முதல் 10 வரை உள்ளது சரி. மோட்டாரை முதலில் குறைந்த ஆம்பியரில் கிளப்பிப் பிறகு முழு வோல்டேஜுக்கு மாற்றுகிற ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே எந்த இடத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டார் வைண்டிங்கோடு சேர்ந்து டெல்டாவுக்குள் இருந்தால் லைன் ஆம்பியரில் 58 சதவீதம்தான் அதன் வழியாகப் போகும், 15 ஆம்பியர் மோட்டாருக்கு 8.7 என்று வைக்க வேண்டும். இது தெரியாமல் 15 என்று வைத்த பேனல்களை இப்போதும் பார்க்கிறேன், அதில் ரிலே இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ட்ரிப் கிளாஸ் என்று ஒன்று உண்டு. கிளாஸ் 10 என்றால் டயலில் வைத்ததைப் போல 7.2 மடங்கு ஆம்பியர் போனால் 10 நொடிக்குள் விழுந்துவிடும், கிளாஸ் 20 என்றால் 20 நொடிக்குள். சாதாரண மோட்டாருக்கும் போர்வெல் நீர்மூழ்கி மோட்டாருக்கும் 10 போதும், நீர்மூழ்கிக்கு 20 போடவே கூடாது, அதன் வைண்டிங் சீக்கிரம் சூடேறிவிடும். பெரிய ஃப்ளைவீல், கனமான புளோவர், மாவைச் சுழற்றிப் பிரிக்கிற சென்ட்ரிஃப்யூஜ் போல வேகம் பிடிக்கவே பத்துப் பதினைந்து நொடி எடுக்கும் மெஷினுக்குத்தான் 20. இன்னொன்று, ஓவர்லோட் ரிலே ஷார்ட் சர்க்யூட்டுக்கு இல்லை. அதற்கு முன்னால் ஃப்யூஸோ மோட்டார் புரொடெக்ஷன் பிரேக்கரோ இருந்தே ஆக வேண்டும்.

ஒரு பேஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்று நம்மூர் விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது, மீதி இரண்டு லைனில் ஆம்பியர் ஏறத்தாழ 1.7 மடங்காகும், சுமையில் இருந்தால் சில நிமிடத்தில் வைண்டிங் கருகும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்திவிடும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் வாங்கும்போது வோல்டேஜை மட்டும் பார்க்கிற மலிவான வகையை நம்பாதீர்கள், ஓடுகிற மோட்டாரே போன பேஸில் கொஞ்சம் வோல்டேஜைத் திருப்பி உண்டாக்கிவிடும், அது ஏமாந்து போகும். ஆம்பியரையும் பார்க்கிற வகைதான் சரி. வாங்கிப் பொருத்திய பிறகு, ராத்திரி இரண்டு பேஸில் ஓட்ட வேண்டும் என்று அதை நேராக ஷார்ட் செய்துவிடாதீர்கள், ரீவைண்டிங் செலவோடு ஒப்பிட்டால் ஒரு ராத்திரித் தண்ணீர் பெரிதில்லை.

இனி ஆள் உயிரோடு சம்பந்தப்பட்டது, இதில் மட்டும் நான் யாரிடமும் சமாதானம் பேசமாட்டேன். ஆட்கள் கை வைத்து வேலை செய்கிற மெஷினுக்கு, கரென்ட் போய்த் திரும்பி வந்தால் தானாகக் கிளம்பக்கூடாது. வெறும் ரோட்டரி சுவிட்சைப் போட்டு ஓட்டுகிற தறிப் பட்டறைகளில் கரென்ட் போனதும் சிக்கல் எடுக்கக் கையை உள்ளே விடுகிறார்கள், சுவிட்ச் ஆன் நிலையிலேயே இருக்கிறது, கரென்ட் வந்த நொடியில் மெஷின் ஓடும். ஸ்டார்ட், ஸ்டாப் புஷ் பட்டன் வைத்து, கான்டாக்டரின் 13, 14 துணைக் காண்டாக்ட் வழியாகப் பிடித்துக்கொள்ளும்படி வயரிங் செய்தால், கரென்ட் போனால் கான்டாக்டர் விட்டுவிடும், மறுபடி யாராவது ஸ்டார்ட் அழுத்தினால்தான் ஓடும். ஓவர்லோட் ரிலேயின் 95, 96 முனை இந்தக் காயில் வழியில் தொடராக வர வேண்டும், அதை விட்டுவிட்டு ரிலேயை மட்டும் மாட்டியிருப்பவர்களும் உண்டு. ஸ்டாப் பட்டன் என்.சி.யாக, அதாவது சும்மா இருக்கும்போது சேர்ந்தே இருப்பதாக, இருக்க வேண்டும், வயர் அறுந்தால் மெஷின் நிற்கும், சும்மா இருக்கும்போது பிரிந்திருக்கும் என்.ஓ.வாக வைத்தால் வயர் அறுந்தது ஆபத்து நேரத்தில்தான் தெரியும். எமர்ஜென்சி பட்டன் சிவப்புக் காளான் தலை, மஞ்சள் பின்புலம், அழுத்தினால் பூட்டிக்கொண்டு திருப்பினால்தான் விடுவது, ஆள் நின்ற இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில். தோட்டத்துப் போர்வெல்லுக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மோட்டாருக்குள் யாரும் கை விடுவதில்லை. பட்டறைக்கு வேண்டாம்.

பட்டனுக்கும் பேனலுக்கும் இடையே சில நூறு மீட்டர் வயர் போகிறது, ஸ்டாப் அழுத்தியும் சின்னக் கான்டாக்டர் விடமாட்டேன் என்கிறது என்றால், பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு நீள வயரும் கண்டென்சர் மாதிரி நடந்துகொண்டு காயிலைப் பிடித்துவைக்கிறது என்று அர்த்தம். அங்கே 24 டிசி கன்ட்ரோலுக்கு மாறிவிடுங்கள்.

ரிலே என்று கடையில் கேட்டால் கண்ணாடி மூடி போட்ட, எட்டு முள் அல்லது பதினான்கு முள் வைத்த சின்னப் பெட்டியை எடுத்துக் கொடுப்பார்கள். அது மோட்டாரை ஓட்டுவதற்கு இல்லை. மெஷினை இயக்குகிற சின்னக் கம்ப்யூட்டரான பி.எல்.சி.யோ டைமரோ தண்ணீர் லெவல் கன்ட்ரோலரோ கொடுக்கிற சின்ன சிக்னலை வாங்கி, கான்டாக்டரின் காயிலை இயக்குவதுதான் அதன் வேலை. அதன் மேல் 5 ஆம்பியர் 230 ஏசி என்று போட்டிருந்தால் அதுவும் ஹீட்டர் மாதிரி சுமைக்குச் சொன்னது, காயில், சோலனாய்டு வால்வு போன்றவற்றுக்கு ஏசி-15 என்று குறைந்த கணக்கு இருக்கும். டிசியில் இன்னும் கவனம் வேண்டும். ஏசி ஒரு நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அப்போது காண்டாக்ட் நடுவே இருக்கும் பொறி அணைய வாய்ப்பு கிடைக்கிறது. டிசிக்கு அந்த வாய்ப்பே இல்லை, 230 ஏசியில் 5 ஆம்பியர் பிரிக்கிற ரிலே 110 டிசியில் அரை ஆம்பியருக்கே திணறலாம். டிசி காயில் என்றால் அதன் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி. இல்லையென்றால் காயில் அணைகிற நொடியில் வருகிற எதிர் வோல்டேஜ் பி.எல்.சி. அவுட்புட்டைத் தின்றுவிடும். ஏசி காயிலுக்கு அந்த எதிர் வோல்டேஜை அடக்குகிற ஆர்.சி. ஸ்னப்பர் கேளுங்கள்.

காண்டாக்ட் கறுத்திருந்தால் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கொலுசு செய்கிற ஊரில் வெள்ளி கறுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? காண்டாக்ட் முனை வெள்ளி கலந்த உலோகம்தான், கறுப்பு தானாகப் படிவது, மின்சாரம் போக அது தடையில்லை. தேய்த்தால் போவது வெள்ளி, மிச்சம் நிற்பது செம்பு, அப்புறம் சீக்கிரம் ஒட்டும். பள்ளம் விழுந்து வெள்ளி தேய்ந்திருந்தால் மூன்று செட் காண்டாக்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் வெள்ளியைப் பதப்படுத்தும் மின்சார உலைக்கும், பேக்கிங் மெஷின் சீலிங் ஹீட்டருக்கும் அசைகிற காண்டாக்டே இல்லாத சாலிட் ஸ்டேட் ரிலே நல்லது, சத்தமில்லை, நிமிடத்துக்குப் பல தடவை ஆன் ஆஃப் ஆனாலும் தேயாது. ஆனால் சூடாகும், ஒரு ஆம்பியருக்கு ஒரு வாட்டுக்குக் குறையாமல், 20 ஆம்பியர் ஓடினால் 20 முதல் 30 வாட் வரை. அலுமினிய ஹீட் சிங்க் இல்லாமல் தகரத்தில் திருகிவிட்டால் சேலத்துச் சித்திரை வெயிலில் ஒரு வாரம் தாங்காது. அதைவிட முக்கியம், இது கெட்டால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே கெடும். உலை சூடேறிக்கொண்டே போகும். எனவே அதற்கு முன்னால் ஒரு சாதாரணக் கான்டாக்டரும், தனியாக ஓவர் டெம்பரேச்சர் கட்-அவுட்டும் வைத்து, வெப்பம் எல்லை தாண்டினால் கான்டாக்டரை விடுவிக்கும்படி செய்யுங்கள்.

பவர் ஃபேக்டர் கண்டென்சருக்குச் சாதாரணக் கான்டாக்டர் போடாதீர்கள், கண்டென்சர் டியூட்டி என்று, சேரும் நொடியில் பாயும் ஆம்பியரைக் குறைக்கிற முன்சார்ஜ் ரெசிஸ்டன்ஸ் வைத்தது தனியாக உண்டு. முன்னும் பின்னும் ஓடும் மோட்டாருக்கு இரண்டு கான்டாக்டர் நடுவே, இரண்டும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கிற மெக்கானிக்கல் இன்டர்லாக் இல்லாமல் வாங்காதீர்கள்.

அடுத்தது இதையெல்லாம் வைக்கிற பெட்டி. சேகோ மில்லில் தண்ணீரும் மாவும், தறியில் பஞ்சு, ஏற்காட்டில் பனி, எல்லா இடத்திலும் எறும்பும் பல்லியும். எறும்பு காண்டாக்டுக்கு நடுவே நசுங்கி இயங்க விடாமல் செய்த ரிலேக்களை நானே எத்தனையோ துடைத்திருக்கிறேன். பெட்டிக்குள் தூசும் தண்ணீரும் எந்த அளவுக்குப் புகாது என்று சொல்லும் எண் ஐ.பி., தூசு இடத்துக்கு ஐ.பி. 54, தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் இடத்துக்கு ஐ.பி. 65 கேளுங்கள், கேபிளை அடிப்பக்கமாக கிளாண்டு போட்டு உள்ளே விடுங்கள், மேலே துளை போட்டால் வயரோடு தண்ணீரும் இறங்கும். மலையில் இறுக்கமான பெட்டி மட்டும் போதாது, பகல் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரக்காற்று ராத்திரி குளிரில் துளித்துளியாகக் காண்டாக்ட் மேலும் முனைகள் மேலும் படியும். 20, 30 வாட் சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் ஒன்று, சீசன் முடிந்து பல்பர் சும்மா இருக்கும் மாதங்களிலும் அது ஓடட்டும்.

வாங்கும்போது பில் கேளுங்கள், ஐ.எஸ்./ஐ.இ.சி. 60947 என்ற எண் உடம்பில் அச்சாகியிருக்கிறதா பாருங்கள், காயிலும் காண்டாக்ட் செட்டும் தனியாகக் கிடைக்கிற மாடலா என்று கேளுங்கள், பழைய இரும்புக் கடைக் கான்டாக்டரை மட்டும் எவ்வளவு மலிவு என்றாலும் தொடாதீர்கள். பொருத்துவதற்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். அவரும் மெயினை இறக்கி, மூன்று பேஸிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும், ஸ்டாப் அழுத்தினால் பேனலில் மின்சாரம் போய்விடாது. வயர் முனைக்கு லக்ஸ் அடித்துப் பொருத்தச் சொல்லுங்கள், ஒரு வாரம் ஓடிய பிறகு மறுபடி மெயினை இறக்கி எல்லா ஸ்க்ரூவையும் ஒரு தடவை இறுக்குங்கள், ஏதாவது ஒரு முனையில் வயரின் இன்சுலேஷன் நிறம் மாறியிருந்தால் அந்த முனையைக் கழற்றிச் சுத்தம் செய்து புது லக்ஸ் போடாமல் மூடாதீர்கள்.